மீதிமானி

கருவிக்குப் பெயர் வைத்தது நான் அல்ல. மாமா. ஒரு பொருளில் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்வதால் மீதிமானி.

அது செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பிகள், ஒரு சிறிய திரை, கைக்கு அடங்கும் பெட்டி. பெட்டி என்பது பயணத்துக்குக் குளியல் சோப்பு எடுத்துப்போகிற பிளாஸ்டிக் டப்பாதான். டிவி, ஃபோன், ஃப்ரிட்ஜ் என்று உள்ளே மின்னணுப் பலகை உள்ள எதன்மேல் கம்பிகளை வைத்தாலும், அது இன்னும் எவ்வளவு காலம் ஓடும் என்று திரையில் வரும். வீட்டில் சாலிடரிங் பழகுகிறவர்களுக்காக வடிவமைத்தேன். ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

மைதிலி இறந்த பிறகு செய்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சிலர் கேட்டார்கள். இல்லை என்றேன்.

மைதிலி என் மனைவி. தலைவலி என்று மருத்துவமனைக்குப் போனாள். நடந்துதான் போனாள். திரும்பவில்லை. முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பினார்கள். மாமா மட்டும் கிளம்பவில்லை. மாமா என்றால் மைதிலியின் அப்பா, சென்னியப்பன். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். கோபியில் சொந்த வீடு இருக்கிறது. எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று அவரைக் கேட்டால், மாப்பிள்ளை தனியாக இருக்கிறார் என்பார். மாமா எப்போது போகிறார் என்று என்னைக் கேட்டால், அவர் அங்கே தனியாக இருக்க வேண்டுமே என்பேன். கோயம்புத்தூரில் ஒரே வீட்டில் இருவரும் தனியாக இருந்தோம்.

அவர் சமைத்தார். நான் பாத்திரம் கழுவினேன். மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையில் சாலிடரிங் இரும்போடு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் சாம்பாரிலிருந்து ரெசிஸ்டர் என்ற சின்ன மின்பாகம் ஒன்றை எடுத்து, இது மட்டும் வேகவில்லை என்று என் தட்டின் ஓரத்தில் வைத்தார் மாமா. கழுவி அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திரும்பப் பயன்படுத்திக்கொண்டேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்டது ஒரே ஒரு முறை.

"சத்தத்தை வெச்சுங்க மாமா. ஃபேன் போறதுக்கு முன்னாடி கடகடன்னு சத்தம் போடுமில்லீங்களா? சின்னச் சின்னப் பார்ட்டும் அப்படித்தான். உள்ளுக்குள்ள முனகும். நம்ம காதுக்கு எட்டாது. இதுக்கு எட்டும்."

"கேட்டு?"

"முனகல் எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாத்துக் கணக்குப் போடும்."

"அந்தப் பொருளைத் திருப்பி ஏதாச்சும் பண்ணுமுங்களா?"

"ஒண்ணும் பண்ணாதுங்க. கேட்டுட்டு இருக்கும், அவ்வளவுதான்."

"உங்களாட்டவே," என்றார் மாமா.

அந்தக் கணக்கில் ஒரு திருத்த எண் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, சாகும் நிலையில் இருந்த பழைய பாகங்களை வாங்கி வந்து மேசையில் ஓடவிட்டேன். கருவி சொன்ன நாளில் சாகின்றனவா என்று பார்த்து எண்ணைக் கூட்டிக் குறைத்தேன். வாரக்கணக்கில் ஆனது. கடைசியில் சொன்ன நாளில் செத்தன. வடிவமைப்பைச் சங்கத்திடம் கொடுத்தேன்.

சங்கம் என்பது பீளமேட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்காளர்கள். செயலாளர் குழந்தைவேலு அண்ணன். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் கடை வைத்திருப்பவர். அவரும் மற்றவர்களும் ஆளுக்கொன்று செய்தார்கள். பிறகு மச்சினனுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. அப்புறம் காந்திபுரத்தில் கடைகளிலேயே விற்க ஆரம்பித்தார்கள். அந்த மாதம் ஊரில் சோப்பு டப்பா கிடைக்கவில்லை.

எல்லோருக்கும் சின்ன எண்களாகவே வந்தன. புது டிவிக்கு ஒன்றரை வருடம். மிக்ஸிக்கு ஏழு மாதம். யாரும் கருவியைச் சந்தேகிக்கவில்லை. இந்தக் காலத்துப் பொருள் அப்படித்தான் என்றார்கள். எண் உண்மையா என்று காத்திருந்து பார்த்தவரும் யாருமில்லை. சின்ன எண் வந்ததும் தூக்கிப் போட்டார்கள், அல்லது அளக்கத் தெரியாதவர் தலையில் கட்டினார்கள். பழைய ஃபோன் வாங்குகிற கடைக்காரர்கள் வாடிக்கையாளரைக் கண்டதும் ஷட்டரை இறக்கினார்கள். எங்கள் தெருமுனை அடுக்ககத்தில் யாரோ லிஃப்டை அளந்து, இரண்டு மாதம் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டார்கள். நான்காம் மாடிக்காரர்கள் எல்லோரும் இளைத்துவிட்டார்கள். ஒரு கணவனும் மனைவியும் வாஷிங் மெஷினை யார் அதிகம் ஓட்டித் தேய்த்தது என்ற சண்டையில் பிரிந்தார்கள். மெஷின் மனைவியிடம் போனது. அதற்கு மூன்று மாதம்தான் மீதி என்று கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. முதலில் செய்த கருவி எங்களிடம் இருந்தது. அது எங்கள் பொருள்களுக்குப் பெரிய எண்களாகவே சொன்னது. மைதிலி பார்த்து வாங்கிய பொருள்கள், நன்றாக இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மாமா தனக்கு ஒன்பது வருடம் என்றார். என்ன ஒன்பது வருடம் என்றேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி இடதுபக்கத் தோளெலும்பின் கீழே மேடாக இருந்த இடத்தைக் காட்டினார். அவருக்கு பேஸ்மேக்கர் இருந்தது. இதயம் துடிக்க மறந்தால் நினைவூட்டுகிற கருவி. அதன்மேல் கம்பிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்.

அந்த பேஸ்மேக்கரை ஆறு மாதம் முன்பே மருத்துவமனையில் காட்டியிருக்க வேண்டும். அவர் போகவில்லை. அதைப் படிக்கிற கருவி மைதிலி இறந்த அதே மருத்துவமனையில்தான் இருந்தது. அந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். இப்போது மிதிக்க அவசியமும் இல்லை என்றார். மீட்டர் சொன்னால் சொன்னதுதான். வேலைக்காலம் முழுக்க அவர் அதைத்தான் வீடு வீடாகச் சொல்லிவந்தார். நான் வற்புறுத்தவில்லை. அந்த மருத்துவமனை இருக்கும் சாலையைத் தவிர்க்க நானும் அலுவலகத்துக்குச் சுற்றுவழியில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு குழந்தைவேலு அண்ணன் மகளின் கல்யாணம் வந்தது.

முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கும்போது அவரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. ஒரிஜினல் கருவியை எடுத்துக்கொண்டு உடனே மண்டபத்துக்கு வரச் சொன்னார். மாமாவும் நானும் போனோம். சீர்ப் பொருள்களை மேடைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா திருமூர்த்தி, பட்டு வேட்டியும் கையில் ஒரு சோப்பு டப்பாவுமாக ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றிருந்தார். நூறு வருடம் வாழ வேண்டும் என்று ஊரே வாழ்த்துகிறது, ஃப்ரிட்ஜோ நாலே மாதம் என்கிறது, இதைத் தெரிந்தே கொடுத்தீர்களா என்பது அவர் கேள்வி. மணப்பெண் நிவேதிகா சும்மா இருக்கவில்லை. அந்த டப்பாவைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, மாப்பிள்ளையின் ஃபோனில் வைத்திருக்கிறாள். பதினைந்து நாள். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்தாரும் கையில் கிடைத்ததையெல்லாம் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரரின் மைக் வரைக்கும் போய்விட்டது. அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

நான் என் கருவியை வைத்தேன். ஃப்ரிட்ஜுக்குப் பதினோரு வருடம். மாப்பிள்ளையின் ஃபோனுக்கு இரண்டு வருடம். கெட்டிமேளம் கொட்டினார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் குழந்தைவேலு அண்ணனும் திருமூர்த்தியும் என்னைப் பந்திக்கூடத்தின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே வடிவமைப்பு, இரண்டு எண், எப்படி என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. இரண்டு டப்பாவையும் இலைமேல் வைத்துத் திறந்தோம். என்னுடைய பலகையில், கம்பிகள் வந்து சேரும் இடத்தில், மஞ்சளாக ஒரு பட்டை காய்ந்து கிடந்தது. நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

"நான் வெச்சதுதானுங்க," என்றார் மாமா. "ஆயுத பூஜையன்னைக்கு. கத்தி, அருவாமணை, உங்க வண்டி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சனே, இதுக்கும் வெச்சேன்."

"வெளிய வெக்கறதுதானுங்களே," என்றார் குழந்தைவேலு அண்ணன்.

"வெளிய இருக்கறது சோப்பு டப்பா. அதுக்கு எதுக்குங்க பொட்டு? வேலை செய்யறது உள்ள இருக்கறதுதானே."

நியாயம்தான். காய்ந்த சந்தனத்தின் வழியாக மிகச் சிறிதளவு மின்சாரம் கசியும். அதனால் முனகல் குறைவாகக் கேட்கும். எண் பெரிதாகும். நான் திருத்த எண்ணைக் கண்டுபிடித்தது இந்தக் கருவியில்தான். ஆகவே சந்தனம் பூசியிருக்கும்போது வருவதுதான் சரியான எண், மற்றவர்களுடையதெல்லாம் தவறு என்று விளக்கினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் திருமூர்த்தி வாசலில் இருந்த வரவேற்புத் தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன்னுடையதில் பூசி, காயும்வரை விசிறி, ஃப்ரிட்ஜில் வைத்தார். பதினோரு வருடம். சம்பந்தியைக் கட்டிக்கொண்டார்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: உள்ளே சந்தனம் பூசவும், இடம் படத்தில் உள்ளது. ஒரே வாரத்தில் ஊர் அமைதியானது. அடுக்ககத்தில் லிஃப்டில் ஏறினார்கள். பிரிந்த கணவர் வாஷிங் மெஷினைக் கேட்டுத் திரும்பப் போனார், மனைவி அவரையும் சேர்த்துக்கொண்டார். கடைகளில் கருவியோடு சந்தனப் பொட்டலம் இலவசமாகக் கொடுத்தார்கள். எந்தக் கோயில் சந்தனம் துல்லியமானது என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. ஒருவர் முகத்துக்குப் பூசுகிற கிரீமைப் பூசிவிட்டு, தன் டார்ச் லைட்டுக்கு நானூறு வருடம் என்று எழுதியிருந்தார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது.

சந்தனம் வைத்தது ஆயுத பூஜையன்று. சரி. நான் திருத்த எண்ணைக் கண்டுபிடித்தது அதற்கு முன்பா, பின்பா?

பின்பு என்றால் சந்தனம் பூசிய கருவி சொல்வது சரி. முன்பு என்றால் துடைத்த கருவி சொல்வது சரி. யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. அந்த வருடம் ஆயுத பூஜை வந்ததே எனக்குத் தெரியாது. தீபாவளி வந்ததும் தெரியாது. பட்டாசுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கணினியில் தேதி இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். என் பழைய மடிக்கணினியின் கடிகாரம் செத்து வெகுநாளாகிவிட்டது. அதைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் நான் ஒரே ஒரு ஜனவரி முதல் தேதியில் செய்திருந்தேன். மாமாவைக் கேட்டேன். பூஜைக்காக மேசையிலிருந்ததை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் அள்ளிப்போட்டாராம். அதில் எது ஓடிக்கொண்டிருந்தது, எது செத்திருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னையும் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னாராம். நகர்ந்தேனாம்.

புதிதாக ஒரு கருவி செய்தேன். சந்தனம் இல்லாமல். மாமாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி மேட்டின்மேல் வைத்தேன்.

மூன்று வாரம்.

திருத்த எண்ணை மறுபடி சோதிக்க இரண்டு மாதமாவது ஆகும். சின்ன எண் சரியாக இருந்தால் அவருக்கு அவ்வளவு நாள் இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

"ஒண்ணு ஒம்பது வருசம். ஒண்ணு மூணு வாரம்," என்றார் மாமா. "எதுங்க சரி?"

"தெரியலீங்க மாமா."

"நீங்க பண்ணுனதுதானே?"

"நான்தான் பண்ணினேன். எப்பப் பண்ணினேன்னு தெரியல."

அவர் திட்டவில்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாலரை வருடம், எனக்கு அது போதும் என்றார்.

அது அப்படி வராது என்றேன். கேட்கவில்லை. மருத்துவமனை என்ற சொல்லை நான் எடுத்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, மீட்டர் தப்பா ஓடுதுன்னு ஒரு வீட்ல புகார் குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"செக் மீட்டர் போடோணும்." யோசிக்காமல் வந்தது. "பக்கத்துலயே மூணாவதா ஒண்ணு. நம்ம மீட்டர் சொல்றதும் வேண்டாம், அவிய சொல்றதும் வேண்டாம். செக் மீட்டர் சொல்றதுதான்." அதன் பிறகுதான் கத்தி நின்றது. "தந்திரமாப் பேசறீங்க மாப்ள."

"மூணாவது மீட்டர் அங்கதான் இருக்குதுங்க."

"தெரியுமுங்க." வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்க அந்தப் படி ஏறுவீங்களா?"

நான் வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

"அதுக்குத்தான் கேட்டேன்," என்றார்.

"நீங்க ஏறினா ஏறுவேன்."

மறுநாள் காலை போனோம். மருத்துவமனைக்கு எதிரே ஒரு பேக்கரி. டீ குடித்தோம். இன்னொரு டீ குடித்தோம். மாமா தேங்காய் பன் கேட்டார். அதையும் சாப்பிட்டோம். அதற்கு மேல் அந்தக் கடையில் வாங்குவதற்கு எதுவும் இல்லாததால் சாலையைக் கடந்தோம். படிகள் சாதாரணமாக இருந்தன. ஏறும்போது அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார், அல்லது நான் அவருடையதை.

டாக்டர் இளம் பெண். கம்பியோடு கூடிய ஒரு வட்டக் கருவியை மாமாவின் நெஞ்சில் வைக்கப் போனார். மாமா தடுத்தார்.

"அம்மணி, இதை எப்பக் கடைசியாச் சோதிச்சாங்க? சீல் இருக்குதுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கருவியைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேதியைப் படித்தார். இதில் எங்கும் சந்தனம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். சரி, வையுங்கள் என்றார் மாமா.

டாக்டர் திரையைப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார். பேட்டரி முடியப்போகிறது, சில வாரம் தாங்கலாம், அதை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது, இன்றைக்கே சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். நெடுநாள் புகார் ஒன்று தீர்ந்த நிம்மதிதான் அந்த முகத்தில் தெரிந்தது.

"துடைச்ச மீட்டர்தானுங்க சரி," என்றார்.

அவரை உள்ளே கொண்டுபோனதும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே நடைவழி. சுவருக்கு வேறு நிறம் அடித்திருந்தார்கள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் திருத்த எண்ணைக் கண்டுபிடித்தது பூஜைக்கு முன்னால். அதாவது மைதிலி போன உடனே வந்த வாரங்களில். எதுவும் நினைவில்லாத அந்த வாரங்களில் நான் ஒரு வேலையைத் துல்லியமாகச் செய்திருக்கிறேன். நாள் தவறாமல்.

இன்னொன்றும் புரிந்தது. ஊரில் எல்லோருக்கும் முதலில் வந்த சின்ன எண்கள்தான் உண்மை. இப்போது எல்லோரும் பொய்யைப் பூசி வைத்திருக்கிறார்கள். பூசச் சொன்னது நான்.

குழுவில் எழுதினேன்: சந்தனத்தைத் துடைத்துவிடவும். என் தவறு. சின்ன எண்தான் சரி.

இரண்டு நிமிடத்தில் குழந்தைவேலு அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, அதை அழிச்சுப்போடுங்க. கண்ணாலம் முடிஞ்சு புள்ள இன்னும் மறுவீடு கூட வரல."

"ஃப்ரிட்ஜ் நாலு மாசத்துல நின்னுருமுங்கண்ணா."

"நிக்கட்டும். அதுக்குள்ள அவங்க ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கும். பொறவு ஃப்ரிட்ஜ் நின்னா யாரு கேக்கறா?"

பெரிய எண்ணை நம்பிய ஒருவரை, உயிரைக் காப்பாற்ற உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அழிக்க முடியாது என்றேன். யார், என்ன ஆயிற்று என்று விசாரித்தார். சாப்பாடு கொண்டு வரட்டுமா என்று கேட்டார். செய்தியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

நான் அழிக்கவில்லை. எல்லோரும் படித்ததாகக் காட்டியது. யாரும் துடைக்கவில்லை. சிலர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். அதற்குள் குழுவில் சேர்ந்திருந்த திருமூர்த்தி மட்டும், தன் வீட்டிலிருப்பது திருப்பதிச் சந்தனம் என்றும் அதற்கு இந்த அறிவிப்பு பொருந்துமா என்றும் கேட்டிருந்தார்.

மறுநாள் மாமாவைப் படுக்கையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். தோளில் கட்டு. புதிய பேஸ்மேக்கர். பத்து வருடம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இட்லி சாப்பிட்டு முடித்து, மருத்துவமனைச் சட்னியைக் குறை சொல்லி முடித்து, தட்டை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள. மைதிலிக்கு உள்ள மிஷின் எதுவும் இல்லீங்களே?"

"இல்லீங்க மாமா."

"அப்ப இது கையில இருந்திருந்தாலும் காட்டியிருக்காது."

"காட்டியிருக்காதுங்க."

தலையாட்டினார். நானும் ஆட்டினேன். கருவிக்கும் மைதிலிக்கும் சம்பந்தம் உண்டா என்று சிலர் கேட்டதைத்தான் அவரும் இப்படிக் கேட்டார். அவரிடம் மட்டும் சம்பந்தமில்லை என்று சொல்ல வரவில்லை.

பிறகு பையைக் காட்டி, அந்தச் சுத்தமான மீட்டரை எடுங்கள், டாக்டர் சொன்ன பத்து வருடத்துக்கு நாம் ஒரு செக் மீட்டர் போட்டுவிடலாம் என்றார். கட்டின்மேல் படாமல் ஓரமாக வைத்துப் பார்க்கலாம் என்று இடமும் காட்டினார். எடுத்தேன். கம்பிகளைப் பிரித்தேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் எதுவும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். டப்பாவை உள்ளங்கையில் தட்டினேன்.

"என்னாச்சுங்க?"

"பேட்டரி தீந்துபோச்சுங்க."

"எதோடது?"

"இதோடதுதான்."

மாமா என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று கட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கீழே கடையில் கிடைக்கும், ஓடிப்போய் வாங்கி வந்துவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காருங்க மாப்ள," என்றார். "நாளைக்குப் பாத்துக்கலாம்."